சிமிட்டாத திரை

கறுப்புத் திரையில் ஓர் இடம் மட்டும் முழுக் கறுப்பாக இல்லை.

நகக்கண் அளவுதான். வெளியே பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அதில் ஒரு பொட்டுகூட நுழையாதபடி சுவரெல்லாம் கறுப்புத் துணி போர்த்திய அந்தச் சோதனை அறையில், ஏசியின் ஓயாத முனகலுக்கும் மூக்கை அடைக்கும் சாலிடர் வாசனைக்கும் நடுவே, அந்தத் திரையை வடிவமைத்த பொறியாளரான அவள் அதற்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து அந்தச் சாம்பல் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூசியா இருக்கும் மேடம்," என்றார் அறைப் பொறுப்பாளர். கும்மிருட்டிலும் கீழே விழுந்த திருகாணியைத் தேடி எடுத்துவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஆந்தை என்று பெயர். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

துடைத்தாள். போகவில்லை. கறை கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

"அத விடுங்க, மீட்டரப் பாருங்க. கோடு ஆடவே இல்ல. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

ஜெயித்துத்தான் விட்டாள். திரையின் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் துளி மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு குட்டிச் சுற்று இருக்கிறது. அந்த மின்சாரம் மெல்ல ஒழுகும், வெளிச்சம் மங்கும், மறுபடி நிரப்பும்போது துள்ளும். அதுதான் சிமிட்டல். ஊரில் யார் கண்ணுக்கும் அது தெரியாது. அவளுடைய ஏழு வயது மகள் சிட்டுவுக்குத் தெரியும், தெரிந்தால் வலிப்பு வரும். பள்ளிக்கூடப் பாடமெல்லாம் திரைக்கு வந்துவிட்ட காலத்தில் அந்தப் பிள்ளை மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பெற்ற வயிறு பற்றி எரியாதா?

ஒழுகாத டிரான்சிஸ்டரை வைத்தாள். போதவில்லை. ஒவ்வொரு முறை நிரப்பும் முன்னும் பழைய படத்தின் மிச்சத்தைத் துடைக்க ரீசெட் என்று ஒரு கணம் உண்டு. அந்தக் கணமும் சிமிட்டியது. யார் சொல்லியும் கேட்காமல் அதையும் பிடுங்கிப் போட்டாள். இனி சுவிட்சை அணைத்துப் போட்டால் மட்டும்தான் திரை துடைபடும். முதலில் தயாரான திரையை நேற்றே வீட்டுக்கு எடுத்துப் போய் மகள் மடியில் வைத்துவிட்டாள்.

"மேடம்." ஆந்தையின் குரல் இறங்கியிருந்தது. "கொஞ்சம் பெருசாயிருக்கு பாருங்க."

கறை இப்போது உள்ளங்கை அளவு இருந்தது. அதில் இரண்டு குழிகள். குழிகளுக்குள் இரண்டு கண்கள். இமையே இல்லை.

"இது நாம போட்ட படம் இல்லையே?"

"மிச்சம்தான். துடைக்கலன்னா சேரத்தானே செய்யும்?"

"எதோட மிச்சம் மேடம்?"

அதற்குள் கறை ஒரு முகமாகிவிட்டிருந்தது. முகம் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. அவள் பதறிப்போய் சுவிட்சை அணைத்துப் போட்டாள். திரை துடைபட்டது, முகம் இல்லை. போகிற கணத்தில் அது இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்துக் கெஞ்சியதைக் கண்ணால் பார்த்தாள். ஓர் உயிரை எடுத்துவிட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். சிட்டுவே எடுத்தாள்.

"அம்மா, உன் திரை சூப்பர்மா. தலையே வலிக்கல. உள்ள ஒரு பாப்பா இருக்கா."

"என்ன பாப்பா?"

"யாரு முதல்ல கண்ணைச் சிமிட்டறாங்கன்னு விளையாடறோம். அவ சிமிட்டவே மாட்டேங்கறா. நான்தான் தோத்துக்கிட்டே இருக்கேன்."

"சிட்டு, அதைக் கவுத்து வை. அம்மா சொல்றேன்ல."

"இரும்மா. இது கடைசி ஆட்டம். தோத்தா இடம் மாத்திக்கணுமாம்."

போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

எந்தச் சாலையில் வந்தாள், எந்தச் சிக்னலைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்த அவள் அக்கா, "என்னடி இது, பேய் அறைஞ்ச மாதிரி வந்து நிக்கற? உம் பொண்ணு இன்னிக்குச் சமத்தோ சமத்து. சத்தமே இல்ல," என்றாள்.

உண்மைதான். சத்தமே இல்லை.

உள் அறையில் திரைச்சீலை இழுத்து விடப்பட்டிருந்தது. மின்விசிறி சுற்றவில்லை. சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள் மகள்.

"சிட்டு?"

திரும்பினாள். சிரித்தாள். கண்கள் அகலமாக, காய்ந்துபோய் இருந்தன. அம்மா அந்தக் கண்களையே பார்த்தாள். காத்திருந்தாள். ஒரே ஒரு தடவை. ஒரு தடவை போதும்.

இமை அசையவில்லை.

மடியில் அந்தத் திரை. கறுப்பு. கறுப்புக்குள் சாம்பலாய் ஒரு சின்ன முகம். கண்ணாடியில் அழுந்திய இரண்டு சின்னக் கைகள். அம்மா, அம்மா என்று ஓசையில்லாமல் அசையும் வாய். அழுது அழுது சிமிட்டிக்கொண்டே இருந்தன அந்தக் கண்கள்.

"நான் ஜெயிச்சுட்டேம்மா," என்றது நாற்காலியில் இருந்தது, சிட்டுவின் குரலில்.

அதன் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது.