தாய்மைமானி

பவளத்துக்குக் காது குத்துகிற அதே முகூர்த்தத்தில் தாய்மை அளப்பதையும் முடித்துவிடலாம் என்று பேச்சாகி, மருதமலை அடிவாரத்து மண்டபத்தில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். கோவைப் பக்கம் இப்போது எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததும் அரசுப் பதிவாளர் முன்னிலையில் அளந்தாக வேண்டும். அளப்பதற்குக் குழந்தையின் நிஜ அழுகை வேண்டும். காது குத்தினால் அழாத குழந்தை ஏது? ஆகவே இரண்டு விசேஷத்துக்கும் ஒரே பந்தி போட்டுவிடுகிறார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேர் குழந்தையைப் பார்க்க வரவில்லை. குழந்தையின் அம்மா கருணாம்பிகையைப் பார்க்க வந்தார்கள். தாய்மைமானியைக் கண்டுபிடித்தவளே அதைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்காரப் போகிறாள் என்றால் சும்மாவா? ஒளிபரப்புக்காரர்களின் பறக்கும் கேமராக்கள் வாழைமரத்துக்கும் மேடைக்கும் நடுவே ஈ மொய்ப்பதைப் போல மொய்த்தன. கருணாம்பிகைக்குப் பெருமை பிடிபடவில்லை. அரக்குப் பட்டுடுத்தி, ஒவ்வொரு கேமராவுக்கும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பாடுபட்டவள் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

தாய்மைமானி பார்ப்பதற்கு ஒரு துணித் தொப்பிதான். குழந்தை அழும்போது அதைக் கேட்பவரின் மூளைக்குள் நடப்பதை அது படிக்கும். பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு முடிச்சு மூளையில் இருக்கிறது. ஆபத்து என்றால் முதலில் பதறுவது அதுதான். அந்தப் பதற்றம், ‘இந்த அழுகை எதற்காக’ என்று புரிந்துகொள்ளும் பகுதிக்கு எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைத் தொப்பி அளந்து நூற்றுக்கு இத்தனை என்று எண் கொடுக்கும். அந்தப் பாதைக்குத் தாய்ச்சுவடு என்று பெயர் வைத்தவளும் கருணாம்பிகைதான். ஆறு ஆண்டுகளில் நான்கு லட்சம் வீடுகளில் அளந்தாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீடுகளில் அம்மாவின் எண் எழுபதைத் தாண்டியது. அப்பாவின் எண் நாற்பதுக்குள் அடங்கியது.

“கர்ப்ப காலத்தில் பெருகும் ஹார்மோன்கள் பெண்ணின் மூளையில் ஒரு தடத்தைச் செதுக்கிவிட்டுப் போகின்றன. ஆணுக்கு அந்தத் தடம் இல்லை. இது ஆணின் குற்றமும் இல்லை, பெண்ணின் சாமர்த்தியமும் இல்லை. இது உயிரியல்.” அவள் சட்டமன்றக் குழு முன் சொன்ன இந்த நான்கு வாக்கியங்களை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். அதிலிருந்துதான் சட்டம் பிறந்தது. முதல் ஓராண்டு விடுப்பு அம்மாவுக்கு. ஓராண்டு முடிவில் யாருடைய எண் அதிகமோ அவர் முதற்காப்பாளர். குழந்தை யாரிடம் வளரும், எந்தப் பள்ளி, எந்த மருத்துவர் என்பதெல்லாம் முதற்காப்பாளரின் கையெழுத்தில்தான் நடக்கும். மற்றவர் இரண்டாம் காப்பாளர். அவர் எதற்கும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கருணாம்பிகை மட்டும் அந்த விடுப்பை எடுக்கவில்லை. பிரசவமான நாற்பத்தேழாம் நாள் ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டாள். சட்டம் மற்ற மாநிலங்களுக்கும் போகிற நேரம். டெல்லியில் ஒரு கூட்டம், ஜெனீவாவில் ஒரு கூட்டம் என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தாள். கணவர் ரங்கதுரை நிலவின் பனிச்சுரங்கத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இருந்தார். பொள்ளாச்சியிலிருந்து மூன்று மாதத்துக்கு உதவிக்கென்று வந்த அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து, கல்யாணம் காட்சி பார்க்காத மனிதர், பதினோரு மாதமாகியும் ஊர் திரும்பவில்லை.

படிவத்தில் அளக்கப்படுகிறவர்களுக்கு இரண்டே கட்டங்கள் உண்டு: தாய், தந்தை. தந்தை ஊரில் இல்லாவிட்டால் அந்த இடத்தில் தாய்மாமன் உட்காரலாம் என்று கொங்குப் பெரியவர்கள் கேட்டு வாங்கிய ஒரு சலுகை இருந்தது. எப்படியும் காதுகுத்துக்கு அவர் மடியில்தான் குழந்தை இருக்கும். அதனால் நாச்சிமுத்துவின் தலையிலும் ஒரு தொப்பி ஏறியது.

“எனக்கெதுக்குங்க இது? மொட்டையடிச்சது எனக்கா பாப்பாவுக்கா?” என்று அவர் பதிவாளரிடம் நெளிந்தார்.

“சம்பிரதாயத்துக்குத்தானுங்க. சித்த நேரம்” என்றாள் பதிவாளர் தமயந்தி.

மழித்த தலையில் சந்தனம் பூசியிருந்த பவளம், மாமன் மடியில் பொட்டுக்கடலையை மென்றுகொண்டிருந்தாள். ஆசாரி பொன்கம்பியை எடுத்தார். ஒரு காது, உடனே மறு காது. குழந்தை வீறிட்டது. ஆசாரி கையை எடுப்பதற்குள் நாச்சிமுத்து வெல்லத்துண்டை அவள் வாயில் வைத்துத் தோளில் சாய்த்துவிட்டார். கருணாம்பிகை தொப்பி கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

மண்டபத்துப் பெருந்திரையில் எண்கள் வந்தன. தாய்: முப்பத்தாறு. தாய்மாமன்: தொண்ணூற்றொன்று.

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். தொப்பிகள் மாறிப்போயின என்று யாரோ சொன்னார்கள். மாறவில்லை என்று தமயந்தி தொப்பிகளில் தைத்திருந்த வரிசை எண்ணைக் காட்டினாள். குழந்தை அவர் மடியிலேயே இருந்ததால் அப்படிக் காட்டுகிறது என்று இன்னொருவர் சொன்னார். அது நியாயமான கேள்வி. ஆய்வுக்காரிக்கு நியாயமான கேள்வி என்றால் விடமுடியாது.

“ஆய்வகப் பதிவுல இருக்கற அழுகையப் போட்டுப் பார்க்கலாம்” என்றாள் கருணாம்பிகை. “ஒரே வயசுக் கொழந்தைங்க அஞ்சு பேரோடது. அதுல ஒண்ணு வீட்டுத் தொட்டில்ல பதிவான பவளத்தோடது. கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறோம்.”

அழுகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. முதல் மூன்றுக்கும் நாச்சிமுத்து பேசாமல் இருந்தார். நான்காவது தொடங்கிய மூச்சிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

“இது எங்க பாப்பா. மேல்பல்லு மொளைக்கறப்ப அழுததுங்க. போன மாசம்.”

கருணாம்பிகை அதற்கு முன்பே இரண்டாவதற்குக் கை தூக்கியிருந்தாள். அது அன்னூரில் யாரோ ஒருவர் வீட்டுப் பையனின் அழுகை. தன் குழந்தையின் குரல் தனக்குத் தெரியவில்லை என்பது இருநூறு பேர் முன்னிலையில் வெளிவந்துவிட்டது. அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தமயந்தி அருகே குனிந்தாள். “மேடம், தொப்பி நழுவிருச்சுன்னு ஒரு வரி எழுதிக்கறேன். உங்க பேரே வந்துரும். நீங்க பெத்த கொழந்தைய இன்னொருத்தர்கிட்டக் கேட்டுக்கேட்டுத் தூக்கணும்னா நல்லாவா இருக்கும்?”

கருணாம்பிகை நிமிர்ந்தாள். வருத்தம் எவ்வளவு இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு ரோஷம் வந்துவிடும். “தொப்பி நழுவல. என்ற கருவி பொய் சொல்லாதுங்க. ஆறு வருஷமா ஊர் ஊராப் போயி அதைத்தான சொல்லிட்டிருக்கேன்? இன்னிக்கு எனக்குன்னதும் மாத்திச் சொல்லுவனா?”

நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அம்மிணி, எனக்கெதுக்கு இந்த எண்ணெல்லாம்? உன்ற பேரையே போட்டுக்கச் சொல்லு. நானா பெத்தேன்?”

“நீங்க பெக்கலைங்கறதுதான்ணா விஷயமே.”

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. அண்ணனுக்குக் கர்ப்பம் இல்லை, அந்த ஒன்பது மாத ஹார்மோன் வெள்ளம் இல்லை. ஆனால் சுவடு இருக்கிறது, அதுவும் தொண்ணூற்றொன்று! மாணவியாக இருந்தபோது படித்த ஓர் எலிச் சோதனை நினைவுக்கு வந்தது. குட்டிகளோடு நாள்கணக்கில் விட்டுவைத்தால் ஆண் எலியும் அவற்றை நக்கி, கூட்டுக்குள் இழுத்துக் காக்கத் தொடங்கிவிடும். குழந்தையை ஏந்தியே பழகிய ஆண்களின் ரத்தத்திலும் ஹார்மோன்கள் மாறும் என்று அதற்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது. தேர்வுக்கு வராத பகுதி என்று அன்றைக்குப் புரட்டிவிட்டுப் போயிருந்தாள்.

பெண்ணுடலில் ஹார்மோன் செய்கிற வேலை பொய்யில்லை. அது நிலத்தைப் பதப்படுத்தித் தருகிறது. ஆனால் தடம் விழ அதில் தினமும் நடக்க வேண்டும். ஓராண்டு விடுப்பை அம்மாவுக்கு மட்டும் கொடுத்தது அவள் எழுதிய சட்டம். அம்மா வீட்டிலிருந்தாள், அப்பா வேலைக்குப் போனார். ஆண்டு முடிவில் தொப்பியை மாட்டினால் அம்மாவின் எண் ஏறித்தான் இருக்கும். அந்த எண்ணைக் காட்டி இயற்கை இப்படித்தான் என்று சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். நான்கு லட்சம் வீடுகளிலும் குழந்தை அழுதபோது யார் எழுந்து போனார்கள் என்பதைத்தான் அவள் கருவி அளந்திருக்கிறது. அதைப் போய் ஆண் பெண் என்று படித்து வைத்தவள் அவள்தான்.

நாச்சிமுத்து எட்டாம் வகுப்புப் பாடம் படித்தவரில்லை. அதனால் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “நூத்துல தொண்ணூத்தாறு வீட்டுல அம்மான்னு சொல்லுவியே, மிச்ச நாலு வீட்டுல என்ன ஆச்சு கண்ணு?”

தமயந்திதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அந்த வீடுகள்ல அப்பா எண்ணுதானுங்க ஜாஸ்தி. அதெல்லாம் நிபுணர் கருத்துக்குப் போகும். நிபுணர் ‘கருவிப் பிழை’ன்னு எழுதுவாங்க. அப்பறம் அம்மா பேருலயே பதிவாகிரும்.”

“நிபுணர் யாரு?” என்றார் நாச்சிமுத்து.

அந்த நிபுணர் அவர் எதிரிலேயே அரக்குப் பட்டில் நின்றுகொண்டிருந்தாள். நாலு லட்சத்தில் நூற்றுக்கு நாலு, பதினாறாயிரம் வீடுகள். அத்தனைக்கும் அவள்தான் எழுதினாள். முதல் நூறு கோப்புகளைப் படித்தாள். பிறகு ஆண்களின் எண் உயர்ந்தால் அது பிழையாகத்தான் இருக்க முடியும் என்று ஆகிவிட்டதால், ஒரு முத்திரை செய்து வைத்துக்கொண்டாள்.

“இதுவும் வழக்கப்படி உங்ககிட்டத்தான் வரணுங்க மேடம்” என்று தமயந்தி படிவத்தை நீட்டினாள். அதில் இன்னும் அவளுக்காக ஒரு வாசல் திறந்தே இருந்தது. “ஆம்பளை எண்ணு ஜாஸ்தியா இருக்கு. நீங்க எப்பவும் எழுதற ரெண்டு வார்த்தைய எழுதிட்டீங்கன்னா முடிஞ்சுது.”

மண்டபமே அவள் கையைப் பார்த்தது. இரண்டு வார்த்தை எழுதினால் பவளம் அவளுடையவள். எழுதாவிட்டால் அவள் தன் சட்டத்தின்படியே இரண்டாம் ஆள். ஆனால் இருநூறு பேர் முன்னால் தன் கருவி பொய் சொல்லாது என்று சொன்ன வாய் அது. தன்னை உருவாக்கியவளுக்கே சலுகை காட்டாத ஒரு கருவியைச் செய்திருக்கிறோம் என்று அந்த நேரத்திலும் அவளுக்குள் ஒரு கர்வம் எழுந்தது. அவள் வாழ்க்கையில் பட்ட பெருமைகளிலேயே விலை கூடியது அதுதான்.

நிபுணர் கருத்து என்ற இடத்தில் ‘கருவி சரி’ என்று எழுதினாள். முதற்காப்பாளர் கட்டத்தில் நாச்சிமுத்து என்று எழுதி, கீழே இரண்டாம் காப்பாளராகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அண்ணனிடம் போய் நின்றாள்.

“அண்ணா, பாப்பாவ நான் சித்த நேரம் வெச்சுக்கட்டுங்களா?”

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ற கிட்டயா கேக்கற? என்ன கண்ணு இது!”

“கேக்கணுங்ணா. சட்டம் அப்படி. நான் எழுதுனது.”

அவர் குழந்தையைக் கொடுத்தார். அவள் கைக்கு வந்ததும் பவளம் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினாள். கருணாம்பிகை அசைத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை.

“இடது தோள்ல போடு. வலது அவளுக்கு ஆகாது. காது படாம பாத்துக்க” என்றார் அண்ணன்.

அவள் தோள் மாற்றினாள். குழந்தை விம்மிக்கொண்டேதான் இருந்தது. விம்முகிற குழந்தையோடு கருணாம்பிகை நேராகக் கேமராக்களின் முன் போய் நின்றாள். சொல்லிப் பழகிய நான்கு வாக்கியங்களுக்காகக் காத்திருந்த ஒளிபரப்புக்காரர்கள் கேமராக்களை அருகே இறக்கினார்கள்.

“பதினாறாயிரம் அப்பாக்களுக்கு ஒண்ணு சொல்லணும்” என்றாள். “உங்க வீட்டுல கருவி சரியாத்தான் சொல்லுச்சு. பிழைன்னு எழுதுனது நான்.”