நட்சத்திரம் மறைத்த கம்பி

சிட்டுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சைக்கிள் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்ற பாடத்தை மூன்று நாள் கணினி முன் உட்கார்ந்து செய்து முடித்திருந்தாள். படம் அசையும், எழுத்து ஓடும், அவள் குரல் கேட்கும், பின்னால் மேளமும் கொட்டும். போதாக்குறைக்கு மூலைக்கு மூலை நட்சத்திரங்கள் குதித்தன.

குழுவில் மூன்று பேர்: சிட்டு, நெட்டை, அமைதி. அவரவர் வீட்டிலிருந்தே திரை வழியாகச் சேர்ந்து படிக்க வேண்டும். நாளை வகுப்பில் டீச்சர் மூவரில் யாரை வேண்டுமானாலும் கேள்வி கேட்பார். ஒருவர் தடுமாறினாலும் குழு முழுவதும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"பிரேக் பிடிச்சா சக்கரம் ஏன் நிக்குது? சொல்லு பார்ப்போம்," என்றான் நெட்டை.

அமைதி திருதிருவென்று விழித்தான். "இன்னொரு தடவை போடுறீங்களா?"

"நாலு தடவை போட்டாச்சுடா! சிட்டு, இவன் கவனிக்கவே இல்ல. டீச்சர்கிட்ட சொல்லி இவன் பேரை எடுத்துடலாம்."

அமைதியின் முகம் சுண்டிப் போனது. அவன் திரையிலிருந்து மறைந்துவிட்டான்.

சிட்டுவுக்கு மனசு கேட்கவில்லை. அவனைத் தனியாக அழைத்தாள்.

"நிஜமாவே நீ பார்த்தியா?"

"பார்த்தேன். எழுத்தைப் படிக்கப் போனா, நீ வேற ஏதோ பேசுற. உன் பேச்சைக் கேட்டா, நட்சத்திரம் குதிக்குது. மொத்தம் பதினேழு இருக்கு. எண்ணிட்டேன்."

சிட்டுவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மூன்று நாள் உழைப்பாயிற்றே! வீம்புக்குத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்து, நெட்டை கேட்ட கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வரவில்லை. காதுக்குள் மேளம்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மேளத்தை எடுத்தாள். ஓடும் எழுத்தையும் எடுத்தாள். பதினாறு நட்சத்திரங்கள் போயின. கடைசி ஒன்றை எடுக்கத்தான் கை வரவில்லை. அப்புறம் அதுவும் போனது. ஒரு படமும் ஒரு குரலும்தான் மிச்சம்.

அமைதி கண் இமைக்காமல் பார்த்தான்.

"இப்போ புரியுது. ஆனா ஒரு சந்தேகம். பிடியை அழுத்தினா சக்கரத்துக்கிட்ட இருக்குற ரப்பர் எப்படி நகரும்? நடுவுல கம்பியே காணோமே?"

சிட்டு படத்தை உற்றுப் பார்த்தாள். ஐயோ, கம்பியை வரையவே மறந்திருந்தாள்! குதித்த நட்சத்திரங்களுக்கு நடுவே அது இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை.

உடனே நெட்டையை அழைத்தார்கள். "நானும் நாலு தடவை பார்த்தேனே!" என்று அவன் தலையைச் சொறிந்தான். அமைதியே கம்பியை வரைந்து முடித்தான்.

மறுநாள் டீச்சர் கேள்வி கேட்டது அமைதியைத்தான்.

"பிடியை அழுத்தினா கம்பி இழுபடும் டீச்சர். அது இழுத்ததும் ரெண்டு ரப்பரும் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். அதனாலதான் நிக்குது."

"பிரமாதம்! இந்தப் பாடத்தை யார் செஞ்சது?"

சிட்டு வாயைத் திறப்பதற்குள் நெட்டை முந்திக்கொண்டான்.

"மூணு பேரும்தான் டீச்சர்! இவன் மட்டும் இல்லன்னா எங்க சைக்கிள் இன்னும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும்!"