இறக்கையைப் பிடித்த கை

காலையில்தான் துடைத்த காற்றாடி. மத்தியானம் புரொஜெக்டர் விளக்குப் பெட்டியின் பின்மூடியைத் திறந்தால், இறக்கைகளில் மறுபடியும் விரல் கனத்துக்குச் சாம்பல் தூசி அப்பிக் கிடந்தது. காலையில் துடைத்தவன் பச்சியப்பனேதான்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. அரூர்ச் சந்தைமேட்டில் கூடாரம் போட்டிருந்த டாக்கீஸில் அவன் ஆபரேட்டராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன், அந்த வேலைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவனைத் தள்ளிவிட்டு, கோலாரிலிருந்து வந்த சின்னப் பையன் சவுரியப்பனை வைத்திருந்தார் முதலாளி சென்னப்பன். பச்சியப்பனுக்குப் பற்றி எரிந்தது. தூசி எடுக்கும்போது பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது சவுரியின் வழக்கம். பை கனத்தால் கரண்ட் இல்லை என்று அவன் நம்பினான். போன வாரம், வெளியே கரண்ட் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், பீஸ் இருந்த இடத்தில் பச்சியப்பன் சத்தமில்லாமல் ஒரு செப்புக் கம்பியைச் செருகினான். பெட்டிக்குள் விட்ட கையைச் சவுரி உயிரோடு வெளியே எடுக்கவேயில்லை.

செத்தும் அவன் பேர்தான் கொட்டகையில் அடிபட்டது.

“சவுரி கை வெச்சா பொட்டி பளபளன்னு இருக்கும். நீயும் இருக்கியே,” என்றார் சென்னப்பன். “காத்தாடி அடைச்சுப் பிலிம் பத்துச்சுன்னா, நாளைக்கே சேலத்துல இருந்து வேற ஆளைக் கூட்டியாந்துருவேன்.”

“சுத்தம் பண்ணிடறனுங்க.”

செத்தவனோடு எப்படிப் போட்டி போடுவது என்று கறுவிக்கொண்டே பச்சியப்பன் உள்ளே போனான்.

கறுப்புத் துணி கட்டிய புரொஜெக்டர் அறைக்குள் வெயில் எட்டவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பீஸையும் கழற்றி, விளக்கின் கார்பன் குச்சி கருகிய நெடியும் சுட்ட தகரத்தின் வாடையும் மூக்கில் ஏற, சைக்கிள் பம்பை இறக்கைகளுக்கு நேரே பிடித்து அடித்தான். தூசி பறந்தது. கூடவே மருக்கொழுந்து எண்ணெய் வாசம். அது சவுரி தலைக்குத் தடவும் எண்ணெய்.

வேகமாக அடித்தான். தூசி தீரவில்லை.

காற்றுப் பட்டால் இறக்கை சுற்றும். பம்புக் காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் அச்சு கெட்டுப்போகும். அதனால் ஒருவர் இறக்கையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடிப்பார். பச்சியப்பனின் இரண்டு கையும் பம்பில் இருந்தன.

இறக்கை சுற்றவில்லை.

இன்னும் பலமாக அடித்தான். அசையவில்லை.

குனிந்தான்.

உள்ளே, தூசிக்குள், கருகிய விரல்கள். இறக்கையைப் பிடித்திருந்தன.

“நீங்க அடிங்கண்ணா,” என்றது பெட்டிக்குள்ளிருந்து பணிவான குரல். “நான் புடிச்சுக்கறனுங்க.”

பம்பு நழுவி விழுந்தது. பச்சியப்பனின் கைகள் வெடவெடத்தன. அந்த விரல்கள் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்தப் பயத்திலும், அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.