கிணற்றுக்குப் போட்ட சங்கிலி

“ஐயா, என் கிணத்துக்குச் சங்கிலி போட்டுட்டாங்க.”

தருமபுரியில் இன்னாசியின் வாசலில் நின்று கோவிந்தம்மாள் சொன்ன முதல் பேச்சு அது. காரிமங்கலத்துப் பக்கம், புருஷன் இல்லாதவள். முந்தின நாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், ராத்திரி முழுக்க உட்காரவைத்து, விடிந்ததும் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருந்தாள்.

கிணறு அவளுக்கும் புருஷனின் பங்காளி பெரியண்ணனுக்கும் பாதிப் பாதி. தண்ணீர் மொள்ள ஆளுக்கொரு தோல்சால், முறைவைத்து மாடு பூட்டிக் கவலை இறைப்பார்கள். அவள் பாதியை அவன் விலைக்குக் கேட்டான், அவள் தரவில்லை. இப்போது, முந்தாநாள் அவன் சால் களவு போயிற்றாம், எடுத்தது அவளாம். விசாரணை முடியும்வரை யாரும் இறைக்கக்கூடாதென்று ஏட்டு ராஜப்பன், பெரியண்ணன் கொடுத்த சங்கிலியாலேயே உருளையைக் கட்டிப் பூட்டிவிட்டார்.

“அவருக்கு வேற கிணறு இருக்குங்க. எனக்கு இது ஒண்ணுதான். இன்னிக்குத் தண்ணி விடலைன்னா மொளகாச் செடி செத்துரும். என் சாலும் தொட்டியில கெடக்கு. தண்ணி சுண்டுனா அதும் வெடிச்சுரும்.”

இன்னாசி போலீஸ் வேலையைப் பிடிக்காமல் விட்டுத் தனியாகத் துப்பு விசாரிப்பவர். அதற்கு முன்பு கவலை ஓட்டியவர். கயிறு அறுத்த தழும்பு உள்ளங்கையில் இருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“களவே பொய்யிங்க. இங்கிருந்தே சொல்லுவேன்” என்று கூடவே எழுந்தான் உதவியாளன் மாதப்பன்.

“சொல்றதோட நிரூபிச்சுரு. பஸ் கூலி மிச்சம்.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஏட்டு சோதனை போட வந்திருந்தார். வாயில் பெரியண்ணன் வீட்டு வெற்றிலை. கோவிந்தம்மாளின் கேழ்வரகுத் தாள் போருக்குள்ளிருந்து ஒரு கட்டை இழுத்துப் போட்டார்கள். காய்ந்த ஓலைப்பாயால் இறுகச் சுற்றிய கட்டு.

“என்னம்மா, இது தானா நடந்து வந்துச்சா?” என்றார் ஏட்டு.

“பிரிக்காதீங்க. ஊர்ச் சாட்சி வரட்டும். அதுவரைக்கும் அந்தப் பாறை மேல கெடக்கட்டும்” என்றார் இன்னாசி.

சித்திரை வெயில். எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பெரியண்ணனால் உட்கார முடியவில்லை. பாறையைப் பார்ப்பதும் எழுவதுமாக இருந்தான்.

“நெழல்ல வைங்க. ஈரச் சாக்கு காஞ்சுபோனா தோலு வெடிச்சுரும்.”

இன்னாசி மெல்ல எழுந்தார். “மாதப்பா, பாயைப் பிரி.”

உள்ளே சாக்கு. பிழிந்தால் சொட்டுகிற ஈரம். அதற்குள்ளே சால், மெத்தென்று.

“பிரிக்காத கட்டுக்குள்ள சாக்கு இருக்கறதும், அது ஈரமா இருக்கறதும் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தோலுன்னா நனைச்சுத்தான் வைப்பாங்க. ஊருக்கே தெரியும்.”

“எனக்கும் தெரியும். முந்தாநாள் நனைச்ச சாக்கு இந்த வெயில்ல சொட்டாதுன்னும் தெரியும். இன்னிக்குக் காலையில யாரோ கட்டைப் பிரிச்சுத் தண்ணி விட்டுத் திரும்பச் சுத்தியிருக்காங்க. நேத்துலருந்து இந்தம்மா எங்க இருந்தா, ஏட்டய்யா?”

ஏட்டு வெற்றிலையைத் துப்பினார்.

“உங்க பெஞ்சுல” என்றார் இன்னாசியே. “திருடன் சாலை ஒளிப்பான். திரும்பி வந்து தண்ணி தெளிக்க மாட்டான். சொந்தப் பொருள் வெடிக்கறதைப் பொறுக்காதவன்தான் தெளிப்பான். பொய்ப் புகார் குடுத்தாலும் பெரியண்ணன் வெள்ளாமைக்காரன். கை சும்மா இருக்கல.”

பெரியண்ணன் தன் சாலை நிழலுக்கு இழுத்தான்.

“களவு விஷயம் போகட்டும்” என்றார் ஏட்டு. “கிணத்துல அடிதடி ஆவும். சங்கிலி இருக்கட்டும்.”

“மாஜிஸ்திரேட் உத்தரவு இருக்கா?”

“வரும்.”

“வந்தப்பறம் கொண்டாங்க. யாருக்கு எவ்வளவு பங்குன்னு சொல்றது முன்சீப் கோர்ட்டு. உங்க தொப்பிக்கு அங்க வேலையில்லை.”

“சாவி ஸ்டேஷன்ல இருக்கு.”

கோவிந்தம்மாள் சாவிக்குக் காத்திருக்கவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். பூட்டு தெறித்தது. மாடுகளைப் பூட்டி, தொட்டியில் கிடந்த தன் சாலைக் கயிற்றில் மாட்டினாள். மாடுகள் பின்வாங்கின, சால் தண்ணீரில் மொத்தென்று விழுந்தது. ஏட்டு ஓரடி வைத்து நின்றார்.

“சங்கிலி உங்க வூட்டுதுதானே, மாமா?” மாடு இழுக்கும் கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தபடி கேட்டாள். “என் பக்கம் கெடக்கு. நான் தரமாட்டேன். வேணும்னா கோர்ட்டுல கேட்டு வாங்கிக்குங்க. போலீசைக் கூப்புடாதீங்க.”

மாடுகள் சரிவில் இறங்கின, சால் தண்ணீரோடு மேலேறியது.