காயாத இடம்

துரை பங்களாவின் பின்பக்கத்து நீச்சல் குளம் முழுவதும் காய்ந்துவிட்டது. அடித்தளத்தில் ஓரிடம் மட்டும் காயவில்லை.

ஐயாவு முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருசக் கடைசி மழை ஓய்ந்ததும் குளத்தை வடிக்கவேண்டும், பாசி சுரண்டவேண்டும், வெடிப்புகளைச் சிமிட்டியால் அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், பிறகு மலை ஓடைத் தண்ணீரைக் குழாய் வழியே விட்டு நிரப்பவேண்டும். துரை குடும்பத்தோடு சீமைக்குப் போயிருந்தார். அவர் ஈப்போவில் ரயிலைவிட்டு இறங்கும் நாளில் குளம் கண்ணாடிபோல இருக்கவேண்டும் என்பது தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி சொன்ன உத்தரவு. வெயில் நன்றாகத்தான் அடித்தது. சுவர்கள் வெளுத்துவிட்டன. ஆழமான பக்கத்தில், வடிகுழாய்க்கு அருகே, ஒரு பாய் அகலத்துக்குச் சிமிட்டி கறுத்து, இப்போதுதான் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனதுபோல மினுங்கிக்கொண்டிருந்தது.

இது சன்னாசி பார்த்துவந்த வேலை. ஐயாவுவும் அவனும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தவர்கள். பினாங்கு நோய்த்தடுப்பு முகாமில் ஐயாவுவுக்குக் காய்ச்சல் கண்டபோது வாயில் கஞ்சி ஊற்றியவன் சன்னாசிதான். அப்படிப்பட்டவன் போன வருசம் இதே வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஐயாவுவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தோட்டத்தைவிட்டே போய்விட்டான். லூமுட் கடற்கரையில் மீன் படகில் சேரப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சீனிதான் வந்து சொன்னான். சீனி பங்களாக் காவல்காரன். ஐயாவுவின் மனைவி நல்லம்மாளுக்கு அண்ணன். சன்னாசி பாதியில் விட்ட வேலையை அவன்தான் முடித்துவைத்தான்.

அந்த வருத்தம் ஐயாவுவுக்கு இன்னும் ஆறவில்லை. பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டும்போதும், வாளி தூக்கும்போதும், நெஞ்சுக்குள் ஒரு முள் உரசிக்கொண்டே இருந்தது. படுக்கையில் எத்தனையோ முறை நல்லம்மாளிடம் புலம்பியிருக்கிறான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தன் துக்கத்தை அவளும் சுமக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

"மச்சான், நீங்க போன வருசம் பூசின ஒட்டு சரியா புடிக்கல போல. கீழேருந்து கசியுது. ஒடைச்சிட்டுப் புதுசா பூசணும்," என்றான் ஐயாவு.

குளக்கரையில் நின்ற சீனி அவனைப் பார்க்கவில்லை. கித்தாப் பால்மரங்களின் வரிசையைப் பார்த்தபடி பேசினான். "ஒடைக்க வேணாம் மாப்புள. மேலேயே இன்னொரு பூச்சு பூசிட்டுப் போலாம். துரைக்கு என்னா தெரியப் போவுது லா."

ஐயாவு பூசினான். மறுநாள் வந்து பார்த்தபோது புதுப் பூச்சையும் ஊடுருவி ஈரம் மேலே வந்திருந்தது. இப்போது அது பாய்போலச் சதுரமாக இல்லை. ஒருபக்கம் உருண்டையாகவும், நடுவில் அகலமாகவும், கீழே மடங்கியும் இருந்தது. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஆள் மாதிரி. அவன் தேங்காய் மட்டையால் தேய்த்தான், காய்ந்த மணலைக் கொட்டினான், கோணிச் சாக்கை விரித்து ஒற்றி எடுத்தான். மணல் நனைந்தது, சாக்கு நனைந்தது, ஈரம் குறையவில்லை. குனிந்தபோது அழுகிய பாசி வாடைக்கும், புகைக்கொட்டகையிலிருந்து காற்றில் வந்த ரப்பர்ப் பால் புளிப்புக்கும் அடியில் வேறொரு வாடை எழுந்தது. சுருட்டு வாடை. சன்னாசி போனபிறகு அந்தப் பங்களாவில் சுருட்டுப் பிடிப்பவர் யாரும் இல்லை.

அப்புறம் வடிகுழாய் பேசியது.

குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் குழாயின் தொண்டைக்குள் எங்கோ தண்ணீர் கொப்பளித்தது, அடங்கியது, மறுபடி கொப்பளித்தது, சளி கட்டிய நெஞ்சோடு ஒருவன் பேச முயல்வதுபோல. ஐயாவு குழாய் வாயில் காதை வைத்தான். சில்லென்ற காற்று காதுமடலைத் தொட்டது.

"...ல்லு."

அவன் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். வெயில் முதுகைச் சுட்டது.

அன்று பொழுது சாயும் நேரத்தில், தொழிலாளர் லயத்து வீட்டு அடுப்பருகே சோற்றைப் பிசைந்துகொண்டே அதை நல்லம்மாளிடம் சொன்னான். சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

"கொழாய்க்குள்ள யாரோ பேசுற மாதிரி இருக்கு புள்ள."

"என்ன பேசுது?"

"சரியா வெளங்கல. 'சொல்லு'ன்னு கேக்குற மாதிரி இருக்கு. சில நேரம் 'நில்லு'ன்னு."

கறிச் சட்டியைக் கிளறிய கை நின்றது. நல்லம்மாள் அவனை முழுசாகப் பார்த்தாள். ஒரு வருசத்தில் முதல் தடவையாக.

"சன்னாசி கொரலா?"

அவன் சன்னாசியின் பெயரை எடுக்கவே இல்லை. "ஆமா" என்று அவன் சொல்வதற்குள் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து விளக்கடியில் உட்கார்ந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நெடுநேரம் வாரிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் மேகம் இறங்கிவிட்டது. பங்களாவில் ஆள் இல்லாத சன்னல்கள் கறுத்தன. தவளைச் சத்தம்கூட இல்லை. ஐயாவு மூங்கில் ஏணி வழியே கடப்பாறையோடு குளத்துக்குள் இறங்கினான். ஈரத்துக்கு இப்போது கை வந்திருந்தது. நீட்டிய கை. ஏணியின் அடிவரைக்கும்.

"மாப்புள!" மேலே சீனி ஓடிவந்தான். "ஏறி வந்துரு. நான் சொல்றேன், ஏறி வந்துரு!"

"இதுக்கடியில என்ன மச்சான்?"

ஐயாவு ஓங்கிக் குத்தினான்.

சிமிட்டி நொறுங்கவில்லை. கனிந்த பழத்தின் தோல்போல உள்ளே அமுங்கியது. இரண்டாவது குத்தில் ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. உள்ளே பள்ளம். பள்ளத்தில் கறுப்புத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு கை.

சுண்டுவிரல் நுனி இல்லாத கை. பால்வெட்டுக் கத்தி பட்டு அது போன அன்று, தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டவன் ஐயாவு. ஒரு வருசத்துப் பிணத்தின் கை இல்லை அது. சதை அழுகவில்லை. ஊறியிருந்தது. அவ்வளவுதான்.

"சன்னாசி..." ஐயாவு மண்டியிட்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகவில்லையே இவன். என்னை விட்டுப் போகவில்லையே. "மச்சான், இவன என்ன பண்ணீங்க? இவன் ஒங்களுக்கு என்ன செஞ்சான்?"

"எனக்கா?" சீனியின் முகம் கோணியது. "ஒனக்குத்தான் மாப்புள செஞ்சான். அவன் தனியா ஓடப் பாக்கல. பாரிட் புந்தாருல வேல பேசி வச்சிருந்தான், ரெண்டு பேருக்கு. இங்க வந்து பாத்தா, அவன் துணி மூட்டையோட எந்தங்கச்சி மூட்டையும் இருக்கு. நான் என்ன செய்யட்டும்? ஒங்கிட்ட சொன்னா நீ செத்துருப்ப. அவகிட்ட, 'ஒன்ன விட்டுட்டுப் போயிட்டான்'னு சொன்னேன். எல்லாம் ஒனக்காகத்தான்."

ஐயாவு பள்ளத்துக் கையைப் பார்த்தான். கஞ்சி ஊற்றிய கை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த முதுகு ஞாபகம் வந்தது. இரவெல்லாம் அவன் யாருக்காகப் புலம்பினானோ, அதே ஆளுக்காகத்தான் அவளும் அழுதிருக்கிறாள். ஒரே பாயில். அண்ணனுக்கும் தங்கைக்கும் தெரிந்து, அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியாமல், ஒரு வருசம்.

குழாய் கொப்பளித்தது.

"...ல்லு."

அருகே. தெளிவாக. சொல்லு இல்லை. நில்லு இல்லை.

"நல்லு."

கட்டின புருசன் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வாரேன்," என்று மேலே ஒரு குரல் சொன்னது.

நல்லம்மாள் குளக்கரையில் நின்றாள். குளித்து, தலை வாரி, கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். சீனி அவள் தோளைப் பிடித்தான். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் கையை எடுத்துவிட்டான். அவள் ஏணியில் இறங்கினாள், நிதானமாக, சேலை நனையாமல் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"நல்லம்மா, வேணாம். மேல போ." ஐயாவு குறுக்கே நின்றான்.

"தள்ளுங்க. அவரு என்ன விட்டுட்டுப் போகல."

வடிகுழாயிலிருந்து தண்ணீர் எழுந்தது. சில்லென்று இல்லை. உடம்புச் சூடு. கணுக்கால். முழங்கால்.

"கொழாய்த் திருக மூடுங்க மச்சான்!"

"மூடித்தான் இருக்கு!" சீனி அலறினான். "மூடித்தான் இருக்கு மாப்புள!"

இடுப்பு. ஐயாவு அவள் மணிக்கட்டைப் பற்றினான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோபமில்லை. வெறுப்பில்லை. துணியில் ஒட்டிய முள்ளை எடுப்பதுபோல. கடைசி விரலும் பிரிந்தது. அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் தலைக்கு மேல் மூடிக்கொண்டது.

அவன் மூழ்கித் தேடினான். கைக்குச் சேலை கிடைத்தது. நழுவியது. ஏதோ ஒன்று அவன் நெஞ்சில் கைவைத்து, பழைய நட்புக்காரன்போல மெதுவாக, உறுதியாக, அவனை ஏணிப் பக்கம் தள்ளியது.

ஏணியைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்கினான். மேலே சீனி தரையில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தான். மழை இன்னும் தொடங்கவில்லை. குளம் விளிம்புவரை நிறைந்து அசைவற்றுக் கிடந்தது. துரை கேட்டபடியே. கண்ணாடி.

பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

அடியில் நல்லம்மாள் மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது, யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனிடம் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு. அவள் முகத்தில் மிதந்து படிந்த கூந்தலை, பின்னாலிருந்து நீண்ட ஒரு கை, பொறுமையாகக் காதோரம் ஒதுக்கிவிட்டது.