தலை எண்ண வந்த நாள்

ஆணையரின் ஜீப் காலை பத்து மணிக்கு ஊருக்குள் வந்து நின்றது. நின்றும் அவர் இறங்கவில்லை. எதிரே நிற்பது மாடா மரமா என்று தெரியாத பனிமூட்டம். கால் வைக்கப்போகும் மண் இந்த நாட்டுடையதா அந்த நாட்டுடையதா என்று குமாஸ்தா வரைபடத்தை விரித்துப் பார்த்துச் சொல்லும்வரை, அவருடைய பளபளத்த பூட்ஸ் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம். டிரைவர் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"தைரியமா வைங்க சார். நம்மளுதுதான்னு நெனைக்கிறேன்" என்றார் குமாஸ்தா.

"நெனைக்கிறியா?"

"போன மாசம் வரைக்கும் நம்மளுதுதான் சார்."

அந்த ஊருக்காக இரண்டு அரசாங்கங்களும் மூன்று முறை சண்டை போட்டிருந்தன. ஒரு தெருவிளக்குப் போட்டதில்லை. மூன்றாவது சண்டையில் ஒருநாள் விடிகாலை தெருவின் கீழ்ப்பாதியில் குண்டுகள் விழுந்தன. அவை யார் போட்டவை என்பதில் மட்டும் இரு தரப்பாரும் பெருந்தன்மையோடு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். பதினைந்து வீடுகளில் சுவர்கள் மிஞ்சின, ஆட்கள் மிஞ்சவில்லை. ஊரார் அழுது முடித்துக் கதவுகளைச் சார்த்திப் பூட்டினார்கள். மேல்பாதிப் பதினைந்து வீடுகளில் ஐம்பத்திரண்டு பேர் பாக்கி.

இப்போது புது உத்தரவு. நூறு தலைக்குக் குறைந்தால் அது ஊரே அல்ல. இருப்பவர்களை லாரியில் ஏற்றி எங்கோ இறக்கிவிட்டு, தெருவெல்லாம் கண்ணிவெடி புதைப்பார்கள். தலை எண்ணத்தான் ஆணையர் வந்திருந்தார்.

லாரியில் ஏறமாட்டேன் என்று முதலில் சொன்னவர் தையல்காரர். அவருடைய ஒரே மகன் மூன்று வருஷத்துக்கு முன் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனான், திரும்பவில்லை. இந்தப் பக்கத்து அதிகாரி 'அங்கே செத்துவிட்டான்' என்றார். அந்தப் பக்கத்து அதிகாரி 'இங்கே வரவேயில்லை' என்றார். செத்ததாகக் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம் என்று இருவருமே காகிதம் நீட்டினார்கள். அவர் போடவில்லை.

"என்னிக்கு வந்தாலும் அவன் நேரா வீட்டுக்குத்தான் வருவான். அப்ப நடுவீட்டுல கண்ணிவெடியா இருக்கணும்?"

ஆகவே யோசனையும் அவருடையதாகவே இருந்தது. ஒரு பக்கம் இந்த நாட்டுக் கொடி, மறுபக்கம் அந்த நாட்டுக் கொடி என்று இரட்டைத் துணி வைத்துத் தைப்பதில் அவர் கைதேர்ந்தவர். எந்தப் பட்டாளம் வந்தாலும் ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் கொடியைத் திருப்பிப் போட்டால் போதும். ஊர்த்தலைவரும் கூடவே திரும்பிக்கொள்வார், அவருக்குத் தையலே தேவையில்லை. அதே வித்தையில் ஐம்பத்திரண்டு சட்டைகள் தைத்தாகிவிட்டன. மேல்வீடுகளில் எண்ணி முடித்ததும், எல்லோரும் சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு பின்சந்து வழியாக ஓடி, பூட்டிய கீழ்வீடுகளில் வேறு ஆட்களாக நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு. நூற்றுநான்கு.

"என் தலைமையில இந்த ஊர் பிழைக்கப்போகுது" என்று ஊர்த்தலைவர் மார்தட்டினார். சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது.

அன்று காலை தையல்காரர் தன் வீட்டில் தயாராக நின்றார். மேல்பாதியின் கடைசி வீடு அது. அதற்குக் கீழே பூட்டிய வீடுகள்தான். பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்த அவர் தங்கை மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணா, குடி கெட்டுச்சு. பனியில வழி மாறி, ஜீப்பு கீழ்முனையில வந்து நிக்குது. அங்கேர்ந்துதான் எண்ணிக்கிட்டு வராங்க."

"சாவி?"

"தலைவர்கிட்ட. அவரு மேல்முனையில மாலையோட நிக்கிறாரு."

"பூட்டைப் பாத்துட்டு ஆளில்லைன்னு எழுதிருவாங்க."

"மூட்டையைக் கட்டு, அவ்வளவுதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினாள்.

தையல்காரர் ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். வெள்ளைத் துணியை முகத்தில் போட்டு அமுக்கியதுபோலப் பனி. ஈரச் சாம்பல் வாடை. குண்டு விழுந்த விடிகாலையில் அடித்த அதே வாடை.

தூரத்தில் கதவு தட்டும் சத்தம்.

பிறகு, கதவு திறக்கும் சத்தம்.

"வீட்டுல எத்தனை பேரு?" குமாஸ்தாவின் குரல்.

பதில் கேட்கவில்லை.

"ஏழா? சரி. எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வாங்க."

வெறுங்கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தன.

அடுத்த கதவு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் திறந்தது. "பாட்டி, நீங்க எழுந்துக்க வேண்டாம்." "கைக்குழந்தையும் ஒரு தலைதாம்மா." "ஏன் இப்படிப் புழுதியாக் கெடக்கறீங்க எல்லாரும்?" கேள்விகள் மட்டும் பனிக்குள் மிதந்து வந்தன. பதிலாக ஒரு முனகல்கூட இல்லை. குமாஸ்தா மட்டும் 'சரி சரி' என்று எழுதிக்கொண்டே வந்தார்.

அந்த வீடுகளிலிருந்து ஒவ்வொருவரையும் பிணமாக வெளியே தூக்கிய கைகளில் இரண்டு தையல்காரருடையவை.

அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

திறந்தார். ஆணையர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். மக்களைப் பார்ப்பது குமாஸ்தாவின் வேலை. குமாஸ்தா ஒரு நொடி பார்த்துவிட்டு எழுதினார்.

"ரெண்டு."

"நான் ஒருத்தன்தான் சார்." சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"அப்ப உங்க பின்னாடி நிக்கிறவரு?"

தையல்காரர் திரும்பினார். பின்கதவு திறந்திருந்தது. கூடத்தில் பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது.

வேறு யாரும் இல்லை.

"ஏம்பா தம்பி, இவ்வளவு ஈரமா நிக்கிற? ஆத்துல விழுந்தியா?" குமாஸ்தா அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். பிறகு யாரோ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "காது மந்தமா உங்களுக்கு? பட்டன் வாங்கிட்டு வந்துட்டேன்னு எத்தனை தடவை சொல்றாரு!"

தையல்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டன். பன்னிரண்டு பட்டன். ஒரு கல்யாணச் சட்டை பட்டனுக்காகக் காத்திருந்தது, கடை கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆற்றைத் தாண்டிப் பத்து நிமிஷத்தில் வந்துவிடு என்று அனுப்பியவர் அவர்தான். என்ன வாங்க அனுப்பினார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

"இவர் உங்களுக்கு யாரு?"

"எம் பையன்."

"மகன். உயிருடன். வசிப்பவர்." குமாஸ்தா சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஆணையர் முத்திரை குத்தினார்.

மூன்று வருஷமாக எந்த அரசாங்கம் சொல்லியும் அவர் மகன் சாகவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று அரசாங்கமே முத்திரை குத்தியபோது செத்துப்போனான்.

மொத்தம் நூற்று முப்பத்தொன்று. மேல்முனையில் ஊர்த்தலைவர் மாலை போட்டு, தன் தலைமையில் மக்கள்தொகை பெருகிய விதத்தைப் பற்றிப் பேசினார். ஜீப் போன பிறகு, கீழ்வீடுகளில் யார் நின்றது என்று தங்கை கேட்டாள். நீயா நீயா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருடைய சட்டையும் புரட்டப்பட்டிருக்கவில்லை. சாவிக்கொத்து தலைவரின் இடுப்பிலேயே இருந்தது.

பதினைந்து பூட்டுகளும் பூட்டியபடியே தொங்கின.

அதற்குப் பிறகு தலைவர் மார்தட்டவேயில்லை. ஊர் பிழைத்தது, ஆனால் யாருக்கும் அதில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தையல்காரர் வெளியேற அனுமதிச் சீட்டு வாங்கினார். காத்திருக்க இனி யார்?

தையல் மிஷினை மரப்பெட்டியில் வைத்தார். இரண்டு பேர் ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்க வேண்டிய பெட்டி. அவர் ஒரு பக்கத்தைத் தூக்கி, மறுபக்கத்தை மண்ணில் இழுத்துக்கொண்டு, பட்டப்பகலில் காவல் சாவடிவரை போனார். காவலாளி சீட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் பார்த்தான்.

"ஒரு ஆளுக்குத்தான் சீட்டு இருக்கு."

"ஒரு ஆளுதான்."

"விளையாடறீங்களா பெரியவரே? இவரு பேரும் ஊர்ப் பட்டியல்ல இருக்கு. எல்லைக்கு ஜனம் வேணும்னு உத்தரவு. தம்பி, நீ திரும்பிப் போ. அப்பா வேணும்னா போகட்டும்."

தையல்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகும் சாலையைப் பார்த்தார். அந்தச் சாலை நன்றாகத்தான் இருந்தது.

"வேணாம்" என்றார். "இன்னொரு தடவை அவனைத் தனியா அனுப்ப மாட்டேன்."

குனிந்து தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

மண்ணில் கிடந்த மறுபக்கம் மெல்ல எழுந்து, அவர் கை உயரத்துக்கு வந்து நின்றது.