அடிக்குரல்

பெட்டியை இழுத்துக்கொண்டு சின்னவள் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. வீட்டின் சன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. மணியை இரண்டு முறை அழுத்திய பிறகுதான் அக்கா கதவைத் திறந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"வழியிலயே ஆச்சுக்கா. நீ?"

அக்கா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிறு தேவாலயத்தில் நினைவு ஆராதனை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அத்தான் அங்கே பாடகர் குழுவில் இருந்தவர். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவருடைய பாட்டுத்தான் பேச்சுத்துணை. அவருக்குப் பிடித்த ஞானப்பாட்டு ஒன்றை வாசிக்கத்தான் அக்கா தங்கையை வரச் சொல்லியிருந்தாள்.

சின்னவள் ஒரு ஓட்டலில் பியானோ வாசிக்கிறவள். பழைய பாட்டு எதையும் பழையபடி விட்டுவைக்க அவள் கைக்குத் தெரியாது. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அடியில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்துகளான கார்ட்களை எல்லாம் உருவிவிட்டு ஜாஸ் கார்ட்களைச் செருகுவாள். தெரிந்த பாட்டுத்தான், ஆனால் தெரிந்த தெருவில் புது வெளிச்சம் விழுந்தாற்போல் இருக்கும். "நல்லா இருக்கிற பாட்டுக்கு ஏன்மா பவுடர் போடுறே?" என்று அத்தான் கேலி செய்வார். செய்துவிட்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொல்வார்.

"சாதாரணமா வாசிக்க அங்கயே ஆள் இருக்கு," என்றாள் அக்கா. "நீ உன் பாணியில வாசி. அவருக்கு அதுதான் பிடிக்கும்."

முன்னறையில், அத்தான் பாடிப் பழகின பியானோ சுவரோடு ஒட்டி நின்றது. மூடியைத் தூக்கியதும் பாச்சை உருண்டை வாசனையும், அதற்குக் கீழே ஈரத்துணியை மடித்து மறந்துவிட்டது போன்ற இன்னொரு வாசனையும் வந்தன. ஸ்வரங்கள் சுருதி சுத்தமாக இருந்தன. ஒரு வருடம் யாரும் தொடாத பியானோ இவ்வளவு சுத்தமாக இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்போதே விட்டுவிட்டாள்.

முதலில் பாட்டை உள்ளபடி ஒரு முறை வாசித்தாள். பிறகு கை பரபரத்தது. இரண்டாம் வரியில் ஒரு கார்டை மாற்றினாள். மூன்றாம் வரியில் இரண்டை. ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கார்டின் அடிஸ்வரத்தை, அதாவது அது காலூன்றி நிற்கிற ஸ்வரத்தை, பியானோவில் தொடமாட்டார்கள். அதை வாசிக்கத்தான் பக்கத்தில் பேஸ் என்கிற கீழ்ஸ்வரக் கம்பி வாத்தியத்தோடு பேஸ்காரர் நிற்பாரே. கார்ட் அந்தரத்தில் தொங்கும். அவர் கீழே வந்து தாங்கிக்கொள்வார். சின்னவளும் பழக்கதோஷத்தில் அடிஸ்வரத்தை விட்டுவிட்டே வாசித்தாள்.

நான்காம் வரியில் யாரோ தாங்கினார்கள்.

கை தானாக நின்றது. தண்ணீர்க் குழாய் ஏதாவது அதிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். மறுபடி அதே கார்டை அழுத்தினாள்.

மெல்ல, தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஒரு ஆண்குரல் முனகியது. சொல் இல்லை. அவள் விட்டிருந்த அந்த ஒரே ஸ்வரம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா கதவு நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு.

"கேக்குதா?" என்று கிசுகிசுத்தாள். "வந்துட்டார்."

அன்றைக்கு அதற்குமேல் சின்னவள் பியானோவைத் தொடவில்லை. ஆனால் உட்காரவும் முடியவில்லை. சமையலறைக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், குடித்ததை மறந்து மறுபடி குடித்தாள். மாடிக்கு ஏறினாள், ஏன் ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினாள். அக்கா மட்டும் பொழுதன்னைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "இன்னொரு வாட்டி வாசிக்கிறியா? அந்தக் கடைசி வரி மட்டும்."

மறுநாள் காலையில் வாசித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. குரல் இப்போது முதல் வரியிலேயே வந்தது. அவள் எந்த அடிஸ்வரத்தை நினைத்தாளோ அதையே பாடியது. பாட்டு நிரம்பி அழகாக நின்றது. ஒரு கணம் அவளுக்கே பயம் போய், அத்தான்தான், வேறு யார் என்று நெஞ்சு இளகியது.

மாலையில் வாசித்தபோது குரல் மாறியது.

அவள் நினைத்ததைப் பாடாமல் அதற்கு அரைப்படி கீழே இறங்கி நின்றது. மேலே அவள் கை வாசித்தது மாறவில்லை. ஆனால் காலடி நகர்ந்ததும் கார்டின் அர்த்தமே மாறிவிட்டது. ஆறுதலாக முடியவேண்டிய வரி கேள்வியாக முடிந்தது. அடுத்த வரியில் இன்னும் கீழே. மெட்டைத் தவிர எதுவும் அவள் கையில் இல்லை. இத்தனை நாள் பழைய பாட்டுகளுக்கு அவள் செய்துவந்ததை, யாரோ இப்போது அவளுக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

பாட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவள் மூடியைப் பட்டென்று சாத்தினாள்.

"ஏன் நிறுத்தினே?" என்றாள் அக்கா. அவள் பியானோவின் பக்கப்பலகையில் காதை வைத்து, தரையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. "ஏதோ சொல்ல வந்தார்."

அதற்கடுத்த நாள் மதியம் பாடகர் குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் வந்தார். ஆராதனையில் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று பேச வந்தவர். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் அவரை வழியனுப்புகிற சாக்கில் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். அத்தான் அடிக்குரல் நல்லாப் பாடுவாரோ?"

அவர் சிரித்துவிட்டார். "உங்க அத்தானா? அவர் டெனர்மா. எங்ககிட்ட இருந்ததுலயே உச்சத்துல போற குரல் அவரோடதுதான். கீழ இறங்கச் சொன்னா காத்துதான் வரும். அதை வச்சு எவ்வளவு கேலி பண்ணியிருக்கோம் தெரியுமா?"

சின்னவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

அவர் படியிறங்கப் போனவர் நின்றார். "கடைசி மாசத்துல அவர் வீட்டுல பாடிப் பழகுறதையே விட்டுட்டார். தினம் எங்ககிட்ட வந்துதான் பாடுவார். ஏன்னு கேட்டேன். வீட்டுல என்கூடச் சேந்து பாடுறாங்கன்னார். நாங்க உங்க அக்காவைச் சொல்றார்னு நெனச்சோம்."

அக்காவுக்குச் சுட்டுப்போட்டாலும் பாட்டு வராது. அது சின்னவளுக்குத் தெரியும்.

உள்ளே பியானோ ஒலித்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். முன்னறையில் வெளிச்சம் குறைந்திருந்தது. ஈரத்துணி வாசனை மூக்கை அடைத்தது. பியானோவின் முன் அக்கா உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு கட்டையையும் தொட்டு வாசித்தறியாத அக்கா. அவளுடைய வலது கை, சின்னவள் வைக்கிற மாதிரியே விரல்களை விரித்துவைத்து, அதே கார்ட்களை வாசித்துக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவின சோப்பு நுரை இன்னும் விரல்களில் இருந்தது. இடது கை மடியில் செத்துக் கிடந்தது.

அடிஸ்வரம் கேட்டது.

அக்காவின் வாய் திறந்திருந்தது.

அது அங்கிருந்துதான் வந்தது.

"அக்கா."

திரும்பவில்லை. மூச்சு வாங்காமல், ஒரே இழுப்பில், அந்தக் குரல் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் உதடுகள் நீலம் பாரித்துவிட்டன. கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. இனிமேல் கீழே ஸ்வரம் கிடையாது என்கிற இடத்தையும் தாண்டி அது இறங்கியது.

பிடித்து இழுத்தாள். அக்கா கல்லாக இருந்தாள். அந்தப் பதற்றத்திலும் சின்னவளின் கைக்கு ஒன்று புரிந்தது: நான் விட்ட இடத்தில்தானே இது வந்து உட்கார்ந்தது.

அதே முக்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கையை விரித்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு, அடிஸ்வரத்தை அழுத்தினாள். பவுடர் இல்லை, பூச்சு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கிற மாதிரி, நான்கு குரலும் நிரம்பிய பழைய பாட்டு. குரல் அரைப்படி விலகியது. இரண்டும் மோதி மரப்பலகை அதிர்ந்தது. அவள் இன்னும் ஓங்கி அழுத்தினாள். வரிக்கு வரி இடம் விடாமல் அடைத்துக்கொண்டே போனாள். மூன்றாம் வரியில் அக்காவின் கை நழுவியது. ஆமென் வாசித்து முடித்தபோது அறையில் ஒரே ஒருத்தியின் மூச்சுதான் கேட்டது. பிறகு அக்கா நீரில் மூழ்கி எழுந்தவள் போல இருமினாள்.

இருட்டுவதற்குள் இருவரும் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கட்டின துணியோடு என்றுதான் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சின்னவள் பாட்டை உள்ளபடி வாசித்தாள். கொயர் மாஸ்டர் கொஞ்சம் ஏமாற்றமாகப் பார்த்தார். அக்கா அன்றுதான் வாய்விட்டு அழுதாள். வீட்டை விற்பதற்கு ஏற்பாடானது. பியானோவை யாரும் கேட்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

ஒருநாள் தங்கையின் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்:

"அது அவர் இல்லைன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

சின்னவள் மடிப்பதை நிறுத்தினாள். "தெரிஞ்சுமா?"

"அவர் குரல் எனக்குத் தெரியாதா? ஆனா வீட்டுல யாரோ இருந்தாங்களே. அது போதும்னு இருந்துச்சு."

சின்னவள் அக்காவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து மீதித் துணியை மடித்தாள்.

அதன்பிறகு தனியாக வாசிக்கும்போது அவள் அடிஸ்வரத்தை விட்டதே இல்லை. ஓட்டலில் பேஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் விடுவாள். நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆள் அவர். நல்ல கை, நம்பி விடலாம். ஒருநாள் மதியம், சாப்பிட வந்தவர்களின் தட்டுச் சத்தத்துக்கு நடுவில், இருவரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இடது மணிக்கட்டில் வலி. வலது கையால் மட்டுமே வாசித்தாள். பாட்டு முடிந்ததும் நெட்டை அவள் பக்கம் குனிந்தார். முகத்தில் மனத்தாங்கல்.

"ஏம்மா, நான் வேணாம்னா சொல்லிடேன்."

"என்ன ஆச்சு?"

"என் ஸ்வரத்தையும் சேத்து நீயே வாசிக்கிறே. மூணு பாட்டா நான் கம்பியையே தொடல. சும்மாதான் நிக்கிறேன்."

சின்னவள் குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். முதல் பாட்டிலிருந்தே அது மடியில்தான் கிடந்தது.